கண்ணாடி நின்ற இடம்

செக்காலை ரோட்டு நகல் கடையில்
பெரிதாக்கித் தரச் சொன்னேன்.
ஏ-த்ரீ தாளில் வந்து சேர்ந்தான்,
நூற்றைம்பது வருடம் முன்பு
தன்னைத் தானே வரைந்துகொண்ட எவனோ ஒருவன்.
"கண்ணீர் அஞ்சலியா சாலாக்கா?
கீழ பேர் போடணுமா?"
வேண்டாம் என்றேன். நாற்பது ரூபாய்.

என் வேலை பல் செய்வது.
கல்லுக்கட்டிப் பக்கம், மாடியில், ஒரு லேப்.
பதினோரு வருடமாகப் பீங்கான் மாவைத்
தூரிகையில் தொட்டுத் தொட்டு
அடுத்தவர் வாய்க்குப் பொருத்துகிறேன்.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது என்பதை
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
அவன் கண்ணின் வெள்ளையைப் பார்த்ததுமே
வாய் தானாகச் சொன்னது:
அதுவும் ஏ-த்ரீ.

ஆனால் எண்ணெய் வேறு சாமான்.
பீங்கான் சூளைக்குள் போய்
கால் மணியில் முடிவு சொல்லிவிடும்.
எண்ணெய் சொல்லாது.
சித்திரை வெயிலிலும் அவன் நெற்றி
நான்கு நாள் பிசுபிசுத்தது.
ஒரு கொசு வந்து புருவத்தில் ஒட்டியது.
கொசுவை எடுக்கப் போய்ப் புருவம் போயிற்று.

எதிர்வீட்டு முட்டைப்பூச்சுச் சுவரில்
பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தான் எனக்கு.
பத்தரைக்கு மேல் அதுவும் மஞ்சள்.
இரண்டு ஞாயிறு உட்கார்ந்து
அவனுக்குக் காமாலை தீட்டினேன்.
பிறகுதான் தெரிந்தது,
நோய் அவனுக்கில்லை,
கடைக்காரரின் மெஷினில் சிவப்பு மை தீர்ந்திருந்தது.
போனில் திறந்து பார்த்தால் வேறொரு தோல்.
எதை நம்ப?
என் முழங்கையை நிழலில் நீட்டினேன்.
அங்கேயும் பச்சை இருந்தது.

மூன்றாம் ஞாயிறு கண்கள்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
கல்லாவில் சில்லறை எண்ணுகிறவன் போல
கொஞ்சம் எரிச்சலோடு,
மூக்கின் நிழல் தப்பிவிடுமோ என்று
பார்த்துக்கொண்டிருப்பது ஒரு கண்ணாடியை.
அது நின்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன்.
முதுகில் யாரோ பாதரசம் பூசியது போல் ஆயிற்று.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

வாயை மூடியிருக்கிறான்.
மூடினால் என்ன.
உதட்டோரம் ஒரு நெல் அளவு உள்ளே இறங்குகிறது:
கோரைப்பல்லுக்கு அடுத்தது இல்லை.
வலது மேல், என்று
பழக்கத்தில் ஓரத்தில் குறித்தேன்.
அடித்தேன்.
கண்ணாடி பார்த்து வரைந்தவன். இடது.

நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம்,
தூரிகை அவன் கையில்தானே இருந்தது.
ஒரு இழுப்பு போதும்.
அவன் இழுக்கவில்லை. நான் இழுத்தேன்.
இல்லாத பல்லை நிரப்பித்தானே
எனக்குச் சம்பளம்.
பள்ளம் மேடாயிற்று,
தவணை வசூலிக்க வந்தவனைப் போல
வேறு யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தான்.
துணியில் கொஞ்சம் டர்பென்டைன்.
துடைத்தேன், துடைத்தேன்.
பள்ளம் வந்த பிறகுதான் அவனும் திரும்பி வந்தான்.

திங்கட்கிழமை. சந்தை இரைச்சல் மாடி வரைக்கும்.
தேவகோட்டை பெரியகருப்பன், ரிட்டயர்டு கண்டக்டர்,
முன்பல் நான்கு.
"நல்லா வெள்ளையாப் போடும்மா,
மக கல்யாணம், வீடியோ எடுக்குறாங்க."
சரி என்றுதான் சொன்னேன்.
செய்யும்போது ஒரு பல்லில்
மயிரிழைக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்தது;
விழுந்தது என்ன, வைத்தேன்,
முப்பது வருடம் பஸ் ஸ்டாண்டுகளில் குடித்த டீ.

மாட்டிக்கொண்டு
கைக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.
"என்னம்மா இது,
என் பல்லு மாதிரியே இருக்கு?"
குறை சொன்னாரா, வேறா,
இன்றுவரை தெரியவில்லை.
பணத்தை எண்ணித்தான் கொடுத்தார்.

காது இன்னும் பாக்கி.
காதை யார் கவனிக்கப் போகிறார்கள்
என்று நினைத்திருந்தேன்.